ஒரே இடத்துக்கு இரண்டு தீர்க்கரேகைகள் வருவது ஏன்? வரைபடங்களுக்கு அடியில் இருக்கும் அளவைச் சட்டகம்

லண்டன் கிரீனிச் வானாய்வகத்தின் முற்றத்தில், தரையில் பதித்த உலோகக் கோடு ஒன்று இருக்கிறது. 1884இல் வாஷிங்டனில் கூடிய நாடுகள், தீர்க்கரேகைகளின் பூஜ்யம் என்று ஏற்றுக்கொண்ட கோடு அதுதான். அதன்மேல் நின்று கைபேசியில் ஜி.பி.எஸ். பார்த்தால் பூஜ்யம் வராது. பூஜ்யம் வர வேண்டுமானால் கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளி, பூங்காவின் புல்தரையில் போய் நிற்க வேண்டும்.

கைபேசியில் பழுது இல்லை. கோட்டைப் போட்டவர்களும் தவறு செய்யவில்லை. இரண்டும் இரண்டு வெவ்வேறு சட்டகங்களில் அளக்கப்பட்டவை, அவ்வளவுதான்.

இதே குழப்பம் வேறு உருவங்களிலும் வருகிறது. பழைய அரசு வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தினால் சாலை போய்க் குளத்தில் விழுகிறது. இரண்டு நிறுவனங்கள் அளந்த ஒரே கட்டடத்தின் உயரம் அரை மீட்டர் வேறுபடுகிறது. "எங்கள் நாட்டின் அளவைப் புள்ளிகளின் உயரங்களை மாற்றுகிறோம்" என்று 2025 ஏப்ரலில் ஜப்பான் அறிவித்ததைப் போன்ற செய்திகள் வரும்போது, மலையா வளர்ந்துவிட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

அட்சரேகையை எதிலிருந்து அளக்கிறோம்?

அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோணங்கள். கோணத்தைச் சொல்ல ஒரு மையம் வேண்டும், தொடக்கத் திசை வேண்டும், அதை வரைய ஒரு மேற்பரப்பும் வேண்டும். பூமியின் நிஜமான மேற்பரப்பு மலையும் பள்ளமுமாக இருக்கிறது. அதன்மேல் கணக்குப் போட வழியில்லை. ஆகவே நில அளவையாளர்கள் மூன்று கருத்துகளை வைத்துக்கொள்கிறார்கள்.

1. நீள்வட்டகம். துருவங்களில் லேசாக அமுங்கிய பந்து. பூமிக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் எளிய கணித வடிவம் இதுதான். இன்று ஜி.பி.எஸ். பயன்படுத்தும் நீள்வட்டகத்தில் மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378.137 கி.மீ., துருவத்துக்கு 6,356.752 கி.மீ. வித்தியாசம் 21 கி.மீ. சொச்சம்.

2. ஜியாய்டு. அலையும் ஓதமும் இல்லாத கடல், கண்டங்களுக்கு அடியிலும் கால்வாய் வழியே புகுந்து நின்றால் எந்த மட்டத்தில் நிற்குமோ அந்தப் பரப்பு. ஈர்ப்பு விசைதான் இதைத் தீர்மானிக்கிறது. பூமிக்குள் எங்கும் ஒரே அடர்த்தி இல்லாததால் இந்தப் பரப்பும் மேடு பள்ளமாக இருக்கிறது.

3. டேட்டம். எந்த நீள்வட்டகம், அதன் மையத்தை எங்கே வைப்பது, அதை எந்தப் பக்கம் பார்த்துத் திருப்புவது, பூஜ்யம் எங்கே என்று வகுத்த தொகுப்பு. தமிழில் அளவைச் சட்டகம் என்று சொல்லலாம். களத்தில் இருப்பவர்கள் டேட்டம் என்றே சொல்கிறார்கள்.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். டேட்டம் மாறினால், ஓர் அங்குலம்கூட நகராத கல்லின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறிவிடும்.

கிரீனிச்சில் நடந்தது இதுதான். அங்கே அந்தக் காலத்தில் தொலைநோக்கியை நேர் செங்குத்தாக நிறுத்த, பாதரசத் தொட்டியின் மட்டத்தைப் பார்த்தார்கள். பாதரசம் உள்ளூர் ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டது. அந்த ஈர்ப்பின் திசை, நீள்வட்டகத்துக்கு வரைந்த செங்குத்தோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. கிரீனிச்சில் கிழக்கு மேற்காக உள்ள மிகச் சிறிய சாய்வு தரையில் 102 மீட்டராக விரிகிறது. செயற்கைக்கோள்கள் பூமியின் நிறை மையத்தைச் சுற்றுவதால், அவற்றின் கணக்கு அந்த மையத்திலிருந்தே தொடங்குகிறது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி டேட்டம் எப்படி வந்தது?

செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால் பூமியின் மையம் எங்கே என்று யாராலும் நேரடியாக அளக்க முடியாது. அதனால் ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்கு நன்றாகப் பொருந்தும்படி ஒரு நீள்வட்டகத்தை எடுத்து, ஓர் இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிறுத்தி, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பரப்பிக்கொண்டே போனது. ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டு, மற்றதையெல்லாம் கோணங்களைக் கொண்டு கணக்கிடுவது. இதற்கு முக்கோண அளவை என்று பெயர்.

இதில் இந்தியாவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டின்மேல்தான் பின்னால் இமயம் வரை போன முக்கோண வலை தொடங்கியது. கோணம் அளந்த பெரிய தியோடலைட் அரை டன் எடை. சமவெளியில் பார்வைக்கு உயரம் கிடைக்காதபோது கோபுரங்களின் மேலும் அதை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சையில் அப்படி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பொறுமைக்கு இன்றும் தலைவணங்கலாம்.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரால் 1830ஆம் ஆண்டு நீள்வட்டகம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, இந்த நீள்வட்டகத்தின்மேல் இந்திய டேட்டம் அமைந்தது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் அதன் மையம் பூமியின் நிறை மையத்திலிருந்து சுமார் 800 மீட்டர் விலகி இருக்கிறது. ஆகவேதான் அந்தச் சட்டகத்தில் வரைந்த பழைய வரைபடத்தின் எண்களை அப்படியே ஜி.பி.எஸ். கருவியில் போட்டால், தென்னிந்தியாவில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகிறது. பழைய வரைபடம் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உள்ளூரில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை அது வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்கிறது. முழு வலையும் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது, அவ்வளவே.

இந்த வேலையின்போது ஒரு சிக்கல் வந்தது. கல்யாண்பூருக்கும் அதற்கு வடக்கே சுமார் 600 கி.மீ. தொலைவில் உள்ள கலியானாவுக்கும் இடையிலான அட்சரேகை வித்தியாசத்தை நட்சத்திரங்களைப் பார்த்து ஒரு தடவையும், முக்கோணங்களின் வழியே ஒரு தடவையும் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் இடையே 5.236 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) வேறுபாடு வந்தது. தரையில் அது 160 மீட்டர். இமயமலையின் நிறை தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுப்பதால்தான் இப்படி ஆகிறதா என்று 1855இல் கணித அறிஞர் ஜான் பிராட் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் மலையின் நிறைப்படி வேறுபாடு 15 விகலைக்கும் மேல் வந்திருக்க வேண்டும். வந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. மலைகளுக்கு அடியில் எடை குறைந்த பாறை வேர்போல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்ற விளக்கம் இந்தப் பிழையிலிருந்துதான் பிறந்தது. நில அளவையில் சில விகலைகள் பொருந்தவில்லை என்று விடாமல் துருவியதால் பூமியின் உள்ளமைப்பு பற்றி ஒரு அறிவு கிடைத்தது.

உயரத்தில் வரும் பெரிய குழப்பம்

கிடைத்தள நிலையைவிட உயரத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காரணம், ஒரே கருவி இரண்டு விதமான உயரங்களைக் காட்டக்கூடும்.

செயற்கைக்கோள் நேரடியாகத் தருவது நீள்வட்டகத்துக்கு மேலே உள்ள உயரம். நமக்கு வேண்டியது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேலே, அதாவது ஜியாய்டுக்கு மேலே உள்ள உயரம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்வது பின்னதுதான். நீள்வட்டகத்தோடு ஒப்பிட்டால் ஜியாய்டு நியூ கினி அருகே சுமார் 85 மீட்டர் மேலே போகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் சுமார் 106 மீட்டர் கீழே இறங்குகிறது. உலகத்திலேயே ஆழமான ஜியாய்டுப் பள்ளம் அதுதான். அந்தப் பகுதியில் கப்பலின் தளத்தில் நின்றுகொண்டு திருத்தாத ஜி.பி.எஸ். உயரத்தைப் பார்த்தால், கடலுக்கடியில் இருப்பதுபோல ஒரு கழித்தல் எண் வரும். கைபேசிகளில் இது தெரியாததற்குக் காரணம், ஜியாய்டு அட்டவணை ஒன்று உள்ளே இருந்து சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது.

அடுத்த கேள்வி: கடல் மட்டம் என்றால் எந்தக் கடலின் மட்டம்? பிரிட்டன் நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை அளந்த சராசரியை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் 1909ஆம் ஆண்டு உயரச் சட்டகம் சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது ஓத நிலையங்களில் நின்றது. ஜெர்மனி ஆம்ஸ்டர்டாமைப் பின்பற்றுகிறது. சுவிட்சர்லாந்து மார்செய்யைப் பின்பற்றுகிறது. நீரோட்டம், வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றால் கடல்களின் சராசரி மட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதில்லை.

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் ஆற்றின்மேல் லாஃபென்பூர்கில் பாலம் கட்டியபோது இது வெளியே வந்தது. இரு நாட்டு உயரங்களுக்கும் இடையே 27 செ.மீ. வேறுபாடு உண்டு என்று பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். திருத்தமும் செய்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். இரு கரைகளிலிருந்தும் வந்த பாலத்தின் பகுதிகள் 54 செ.மீ. உயர வித்தியாசத்தில் நின்றன. டேட்டம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதை எந்தத் திசையில் திருத்துவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டு உயரச் சட்டகம், கனடாவின் ரிமூஸ்கியில் உள்ள ஒரே ஒரு புள்ளியில் கட்டப்பட்டது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான கி.மீ. மட்டம் பார்த்துக்கொண்டே போனதில் சிறு பிழைகள் சேர்ந்து, நாட்டின் குறுக்கே சுமார் ஒரு மீட்டர் சாய்வு வந்துவிட்டது. அந்த நாடு இப்போது ஈர்ப்பு அளவையை அடிப்படையாக வைத்துப் புதிய சட்டகத்துக்கு மாறும் வேலையில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கல், பித்தளை வட்டு, ஆன்டெனா

டேட்டம் என்பது தாளில் உள்ள வரையறை. தரையில் அதைத் தொட வேண்டுமானால் அளவைக் குறிகள் வேண்டும். எண்களைச் சுமந்து நிற்பவை இவைதான். வகைகள் பல:

- கிடைத்தளக் கட்டுப்பாட்டுப் புள்ளி: குன்றின் உச்சியிலோ பாறையிலோ பதித்த குறி. முக்கியமான நிலையங்களில் மேலே ஒரு குறியும், அதற்கு நேர் கீழே மண்ணுக்குள் இன்னொரு குறியும் இருக்கும். மேலே உள்ளது பெயர்ந்து போனாலும் கீழே உள்ளதைத் தோண்டி மீட்கலாம்.
- பெஞ்ச் மார்க்: உயரம் தெரிந்த குறி. கல்லில் கிடைமட்டமாக வெட்டிய கோட்டில் இரும்புத் துண்டைச் செருகி, அதை அளவுகோலுக்குப் பலகைபோல் (ஆங்கிலத்தில் பெஞ்ச்) பயன்படுத்தினார்கள். பெயர் அப்படி வந்தது.
- நிரந்தர செயற்கைக்கோள் நிலையம்: இரவு பகலாகத் தரவைச் சேகரிக்கும் ஆன்டெனா. சுருக்கமாகக் கோர்ஸ் என்பார்கள். ஜப்பானில் இப்படிச் சுமார் 1,300 நிலையங்கள் உண்டு. இந்திய நில அளவைத் துறையும் நாடு முழுக்க இத்தகைய வலையை அமைத்திருக்கிறது.

கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். கோர்ஸ் நிலையத்தின் திருத்தத்தை வாங்கும் கருவி 1 அல்லது 2 செ.மீ.க்குள் சொல்லிவிடும். விஷயம் எளிது. நிலையத்தின் நிஜ இருப்பிடம் முன்பே தெரியும். செயற்கைக்கோள் அதற்கு என்ன சொல்கிறது என்று பார்த்தால் அந்த நொடியின் பிழை தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் கருவிக்கும் கிட்டத்தட்ட அதே பிழைதான், ஆகவே கழித்துவிடலாம்.

இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அடிப்படை நிலையத்தின் இருப்பிடத்தை அரை மீட்டர் தவறாகக் கொடுத்துவிட்டால், அதை நம்பி அளந்த ஒவ்வொரு புள்ளியும் அதே அரை மீட்டர் தள்ளிப்போகும். திரையில் மட்டும் "துல்லியம் 1 செ.மீ." என்றே காட்டும். ஒன்றுக்கொன்று பொருந்துவதைத்தான் கருவி சொல்கிறது. சட்டகத்தோடு பொருந்துகிறதா என்பதை அறிய, முன்பே அளந்த வேறொரு குறியில் போய்ச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தரையே நகரும்போது

இதுவரை தரை நகராது என்று வைத்துக்கொண்டோம். அது நகர்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போகிறது. ஆஸ்திரேலியா சுமார் 7 செ.மீ. போகிறது. மீட்டர் அளவில் வேலை செய்தவரை யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் தப்பிக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியா தன் 1994ஆம் ஆண்டு டேட்டத்தைத் தட்டோடு ஒட்டி உறைய வைத்திருந்தது. 2020க்குள் தட்டு 1.8 மீட்டர் நகர்ந்துவிட்டது. ஓட்டுநர் இல்லாத டிராக்டர் ஒரு வரிசை தள்ளி உழுவதற்கு இது தாராளமாகப் போதும். ஆகவே 2020ஆம் ஆண்டு நிலையை வைத்துப் புதிய டேட்டத்துக்கு மாறினார்கள்.

நிலநடுக்கம் இன்னும் முரட்டுத்தனமானது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஓஷிகா தீபகற்பத்தில் இருந்த நிலையம் கிழக்குத் தென்கிழக்காக 5.3 மீட்டர் நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்தது. தோக்கியோவில் உள்ள நாட்டின் உயர மூலக் கல்லே 24 மி.மீ. இறங்கியது. அதன் அதிகாரபூர்வ உயரத்தை வரிசையாகப் பார்த்தால் ஒரு நாட்டின் நில வரலாறே தெரிகிறது: 1891இல் 24.5000 மீட்டர், 1923 நிலநடுக்கத்துக்குப் பின் 24.4140, 2011க்குப் பின் 24.3900. எல்லா உயரத்துக்கும் மூலமான கல்லின் எண்ணையே நேர்மையாகத் திருத்தி வெளியிட்டது நல்ல அளவைத் துறைக்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

இதனால் உலக அளவிலான சட்டகத்தில் ஒரு புள்ளியைச் சொல்லும்போது தேதியும் சேர்ந்தே வருகிறது. மிகத் தொலைவில் உள்ள குவாசார்கள் என்னும் ஒளிமிக்க வான்பொருள்களைப் பல வானொலித் தொலைநோக்கிகளால் ஒரே சமயத்தில் கவனிப்பது, செயற்கைக்கோளுக்கு லேசர் அடித்துத் தூரம் பார்ப்பது போன்ற முறைகளால் அந்தச் சட்டகத்தைப் பராமரிக்கிறார்கள். எந்த நாடும் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. 2015 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச் சபை இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

ஓர் அளவையைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டியவை

1. எந்த டேட்டம்? "ஜி.பி.எஸ்.ஸில் எடுத்தது" என்பது பதில் ஆகாது.
2. எந்த ஆண்டின் நிலை? சென்டிமீட்டர் துல்லியம் வேண்டும் என்றால் இது கட்டாயம்.
3. உயரம் நீள்வட்டகத்துக்கு மேலா, கடல் மட்டத்துக்கு மேலா? பின்னது என்றால் எந்த ஜியாய்டு மாதிரி, அல்லது எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து?
4. எந்த அலகு? இது அற்பமாகத் தோன்றும். அமெரிக்காவில் 2022 இறுதிவரை இரண்டு விதமான அடி புழக்கத்தில் இருந்தது. வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் ஆயத்தொலைவு பத்து லட்சம் அடி என்று வரும்போது அது தரையில் இரண்டு அடி.
5. எந்தக் குறியில் சரிபார்த்தீர்கள்? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். இதற்குப் பதில் இல்லாத அளவையை, எண்கள் எத்தனை தசம இடங்கள் நீண்டாலும் நம்ப முடியாது.

செயற்கைக்கோள் இருக்கும்போது கல் எதற்கு?

நியாயமான கேள்விதான். சுரங்கத்துக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் செயற்கைக்கோள் தெரியாது என்பது ஒரு பதில். கால்வாயின் சரிவு இன்னொன்று. 5,000க்கு 1 என்ற சரிவில் ஒரு கி.மீ.க்கு 20 செ.மீ.தான் இறக்கம். ஜியாய்டு மாதிரியில் சில செ.மீ. பிழை இருந்தாலே தண்ணீர் தேங்கும் இடம் மாறிவிடும். அங்கே பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டம் பார்த்து வருவதுதான் இன்றைக்கும் நம்பகமான முறை.

ஆனால் பெரிய காரணம் வேறு. பழைய டேட்டத்தில் இருக்கும் எல்லைகள், பட்டாக்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் புதிய டேட்டத்துக்கு மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். அந்தச் சூத்திரம் எப்படிக் கிடைக்கிறது? பழைய எண் தெரிந்த கல்லின் மேல் போய்ப் புதிய கருவியை வைத்து அளப்பார்கள். இப்படிப் பல கற்களில் இரண்டு எண்களையும் எடுத்து ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். கல் அடர்த்தியாக இருக்கும் பகுதியில் மாற்றமும் நுணுக்கமாக வரும். சாலை அகலப்படுத்தும்போதோ குவாரி வெட்டும்போதோ ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டு, அப்புறம் அதே பள்ளத்தில் மண்ணைப் போட்டுத் திரும்ப நட்டுவைத்தாலும் பயன் இல்லை. பார்வைக்கு அதே கல்தான். ஆனால் பழைய எண் இனி அதற்குப் பொருந்தாது. நகர்ந்தது தெரியாமல் யாராவது அதை நம்பி அளந்தால், இல்லாத கல்லைவிட அது அதிகக் கேடு செய்யும்.

அதனால்தான் முதல்நிலைக் குறிகளைச் சுற்றிப் பாறையிலோ சுவரிலோ துணைக் குறிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தையும் திசையையும் விவரக் குறிப்பில் எழுதி வைக்கிறார்கள். கல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அந்தத் தூரங்களை நாடாவால் அளந்து பார்த்தால், அது தன் இடத்தில்தான் இருக்கிறதா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.